உதிரியைக் கேளுங்கள்

(கோவையில், பழைய கார் ஆர்வலர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரியோர்களே, வார்ப்படத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் கோவை நண்பர்களே, லேத்திலும் டிங்கரிங்கிலும் கை தேய்ந்த அண்ணன்மார்களே, பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! பழைய கார்களை உயிர்ப்பிக்கும்போது அவற்றின் உலோக அணிகளை மீண்டும் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. பம்பர், கிரில், பீடிங், எம்பளம், வீல் கப், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி ஆகிய பளபளக்கும் பாகங்களையே அணிகள் என்கிறேன்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு காரியம். என் கையில் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. 1950களின் பிரிட்டிஷ் கார் ஒன்றின் பின்விளக்கு வளையங்கள் இவை. ஒன்று தொழிற்சாலையிலிருந்து காரோடு வந்தது. மற்றது இந்த ஊரில், இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், வார்த்துச் செய்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் முலாம் பூசினோம். முன்வரிசையில் கொடுக்கிறேன். கை மாற்றி அனுப்புங்கள். தூக்கிப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். எது பழையது, எது புதியது? பேச்சின் முடிவில் கேட்பேன்.

நண்பர்களே, ஒரு பழைய காரை எடுத்தால் எது கடினம்? எல்லாரும் என்ஜின் என்பார்கள். என்ஜினுக்குப் போர் போடலாம், புது பிஸ்டன் கடைந்துகொள்ளலாம். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். சீட்டுக்கு ரெக்சின் தைக்கலாம். ஆனால் உடைந்த ஓர் எம்பளம்? காணாமல் போன ஒரு பீடிங்? கார் ஓடும்; ஆனால் அதற்கு முகம் இருக்காது. பார்ப்பவர் கண் முதலில் தேடுவது அந்த அணியை. நம் கைக்குக் கடைசியில் கிடைப்பதும் அந்த அணிதான்.

ஏன் கிடைப்பதில்லை? ஒரு பீடிங்கை அழுத்தி எடுக்கும் டை லட்சக்கணக்கான பீடிங்குகளுக்காகச் செய்யப்படுவது. கார் உற்பத்தி நின்றால் டை நிற்கும். நின்ற டை துருப்பிடிக்கும். துருப்பிடித்த டை ஒருநாள் எடைக்குப் போகும். அதோடு அந்த வடிவம் உலகத்திலிருந்தே போய்விடுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. வரைந்தவர் இத்தாலியக் கலைஞர் ஜொவான்னி மிக்கெலோட்டி. பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவுக் கார். நம் ஊர்க் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதுமா? பாட்டி பின்சீட்டில் எப்படி ஏறுவார்? அதனால் 1960களின் பிற்பகுதியில் நம்மவர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள்.

அப்படிப்பட்ட நாலு கதவு ஹெரால்டு ஒன்று என்னிடம் வந்தது. முன்பக்கத்துக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் பிரிட்டனுக்கு எழுதலாம்; அங்கே ஹெரால்டு உதிரி விற்பவர்கள் இன்றும் உண்டு. பின்கதவுப் பட்டை வேண்டுமென்று எழுதினேன். என்ன பதில் வந்திருக்கும்? எங்கள் ஹெரால்டுக்குப் பின்கதவே கிடையாதே என்று பதில் வந்தது. அன்றைக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பட்டை பிறந்தது இந்த மண்ணில். அதை மீண்டும் செய்ய வேண்டியவர்களும் இந்த மண்ணில் இருப்பவர்கள்தான். வேறு எந்த நாட்டுக்காரரும் நமக்காகச் செய்யப் போவதில்லை.

சரி, எப்படிச் செய்வது? எங்கே தொடங்குவது? எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த டிங்கரிங் பெரியவர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "தம்பி, அவசரப்படாதீங்க. மொதல்ல உதிரியைக் கேளுங்க. அதுவே சொல்லும்."

என்ன கேட்பது? மூன்று கேள்விகள். நீ எந்த உலோகம்? நீ எப்படிப் பிறந்தாய்? நீ எதனால் கெட்டாய்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவன் அணியை மீண்டும் செய்யலாம். தெரியாதவன் இருக்கிற அணியையும் இழப்பான்.

முதல் கேள்வி: நீ எந்த உலோகம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. தொடக்க காலக் கார்களில் பளபளத்தது பித்தளை. ஓட்டுநர் காலையில் எழுந்து துடைத்துத் துடைத்துக் கை வலிப்பார். பிறகு பித்தளைமேல் நிக்கல் முலாம் வந்தது. மென்மையான, சற்றே மஞ்சள் சாய்ந்த வெண்மை அது. 1920களின் நடுவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்ற வேதியியலாளர் குரோமிய முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்ற முறையாக்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார்கள் குரோமியத்துக்கு மாறத் தொடங்கிவிட்டன. நீலம் பாய்ந்த, குளிர்ந்த பளபளப்பு. துடைத்தால் போதும், தேய்க்க வேண்டாம்.

அதற்கும் முன்பே இன்னொரு கதை தொடங்கியிருந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். ஃபோர்டின் மாடல் ஏ காரில் 1930இல் ரேடியேட்டர் கூட்டுக்கே அந்த வகை எஃகு வந்தது. 1929இல் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் ஸமாக் என்ற துத்தநாகக் கலவையைக் கொண்டுவந்தது. உருக எளிது, ஏறக்குறைய 385 டிகிரியில் தண்ணீராய் ஓடும். எஃகு அச்சில் அழுத்தி ஊற்றினால் எவ்வளவு நுணுக்கமான எழுத்தும் பூவும் அப்படியே விழும். எம்பளம், கைப்பிடி, விளக்கு வளையம் எல்லாம் துத்தநாகத்துக்கு மாறின. 1950களில் ஆனோடைஸ் செய்த அலுமினியம் வந்து சேர்ந்தது.

ஒரே காரில் இத்தனையும் இருக்குமா? இருக்கும்! 1957 செவர்லே பெல் ஏர் காரைப் பாருங்கள். பம்பர் குரோம் பூசிய இரும்பு. பக்கவாட்டில் ஓடும் பீடிங் துருப்பிடிக்காத எஃகு. பின் சிறகில் பதிந்த வரிவரியான தகடு ஆனோடைஸ் செய்த அலுமினியம். வார்த்த எம்பளங்கள் துத்தநாகம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளிப் பளபளப்பு. ஆனால் நான்கும் நான்கு சாதி. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

விஷம் என்று ஏன் சொல்கிறேன்? நான் அதை என் கையாலேயே செய்திருக்கிறேன். என் ஆரம்ப நாட்களில் ஒரு பானட் எம்பளத்தை முலாம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். என்ன உலோகம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இரும்பென்று நினைத்து, பழைய அழுக்கு போக அமிலத் தொட்டியில் இறக்கினார்கள். தொட்டி பொங்கியது. குமிழி குமிழியாய்ப் பொங்கியது. கம்பியை மேலே இழுத்தபோது எம்பளத்தில் பாதி இல்லை. எழுத்துகள் கரைந்து, சிறகின் நுனி கரைந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல் ஒன்று தொங்கியது. அது துத்தநாகம். அமிலத்தில் துத்தநாகம் நிற்காது. தொட்டியில் இறக்கிய பட்டறைப் பையன்மீது குற்றமில்லை. கேட்காமல் கொடுத்தவன் நான். அரை நிமிடச் சோதனையில் தெரிந்திருக்கும்.

அந்தச் சோதனை என்ன? காந்தத்தை வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு. பிடிக்கவில்லையா? கையில் எடை பாருங்கள். இறகுபோல் இருந்தால் அலுமினியம். கனமாக இருந்தால் பின்புறத்தில், கண்ணில் படாத மூலையில், அரத்தால் ஒரு கோடு இழுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் தெரிந்து அரத்துக்கு மெத்தென்று இருந்தால் துத்தநாகம். அரம் வழுக்கினால் எஃகு. துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளைக் காந்தம் பிடிக்கும், சிலவற்றைப் பிடிக்காது. ஒரு காந்தம், ஒரு அரம், ஒரு கை. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுமா?

இரண்டாவது கேள்வி: நீ எப்படிப் பிறந்தாய்?

தகட்டை அழுத்திப் பிறந்ததா, உருளைகளுக்கு நடுவே ஓடிப் பிறந்ததா, உருக்கி ஊற்றிப் பிறந்ததா? பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்முகம் அழகைக் காட்டும். முதுகுதான் பிறப்பைச் சொல்லும். எல்லா இடத்திலும் ஒரே பருமனில் தகடு வளைந்திருந்தால் அழுத்தியது. நீளம் முழுக்க ஒரே குறுக்குவெட்டு ஓடினால் உருளையில் எடுத்தது. முதுகில் திருகாணித் தண்டும் விலா எலும்புபோல் முட்டுகளும் இருந்தால் வார்த்தது.

வார்த்த பாகத்தை மீண்டும் வார்ப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் இந்த ஊர் பேட்டர்ன் தச்சர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்த அறிவு. வெளியூர் ஆர்வலர்களுக்குத் தெரியாது. பழைய எம்பளத்தையே மணலில் பதித்து அச்செடுத்துப் பித்தளை ஊற்றினால் என்ன ஆகும்? பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவில் சுருங்கும். 200 மில்லிமீட்டர் எம்பளம் 197 ஆகிவிடும். மூன்று மில்லிமீட்டர்தானே என்பீர்களா? பானட்டில் ஏற்கெனவே இரண்டு துளைகள் இருக்கின்றனவே! தண்டு துளைக்குள் போகாது. துளையை அகலமாக்கினால் காரைக் கெடுத்தோம். தண்டை வளைத்தால் எம்பளத்தைக் கெடுத்தோம். அதனால்தான் பேட்டர்ன் தச்சரின் அளவுகோலில் ஒரு அடி, கடையில் விற்கும் அளவுகோலின் அடியைவிடச் சற்று நீளமாக இருக்கிறது. சுருங்கப் போவதை முன்கூட்டியே கூட்டிக் கொடுத்த அளவுகோல் அது. எத்தனை பெரிய அறிவை ஒரு மரக்கோலில் வைத்துவிட்டார்கள் பாருங்கள்!

இங்கே சுவாமிமலையை நினைக்காமல் இருக்க முடியுமா? அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் சூடு காட்டுகிறார்கள். மெழுகு ஓடி வெளியேறுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. பிறகு மண்ணை உடைக்கிறார்கள். நகத்தின் கோடு, ஆடையின் மடிப்பு, எல்லாம் உலோகத்தில் வந்து நிற்கிறது. ஓர் அச்சில் ஒரே உருவம். நமக்கும் வேண்டியது ஓர் அச்சில் ஒரே எம்பளம்தானே? ஆயிரம் எம்பளம் வேண்டுமென்றால் எஃகு டை செய்யலாம். ஒன்றே ஒன்று வேண்டுபவனுக்கு மெழுகுதான் வழி. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியைத் தந்த அதே முறை, ஒரு பழைய காரின் பெயர்ப் பலகையையும் தரும்.

இன்று அதற்குப் புதிய துணையும் வந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ கார்ப் பித்தர். அவரிடம் 1907ஆம் ஆண்டு நீராவிக் கார் ஒன்று உண்டு. அதில் ஒரு பாகம் கெட்டுப்போனது. உலகில் எங்கும் கிடைக்காது. முப்பரிமாண ஸ்கேனரில் அதை அளந்து, கணினியில் குறை தீர்த்து, பிரிண்டரில் மாதிரி எடுத்து, மீண்டும் செய்துகொண்டார். இது 2009க்குள் நடந்துவிட்ட கதை. போர்ஷே நிறுவனமே, 292 மட்டும் செய்த தன் 959 காருக்குக் கிளட்ச் நெம்புகோல் ஒன்றை உலோகத் தூளிலிருந்து அச்சிட்டுத் தரத் தொடங்கியதாக 2018இல் அறிவித்தது. நம்மிடமும் ஸ்கேனர் இருக்கிறது. கணினியில் நூற்றுக்கு ஒன்றரை கூட்டி, மெழுகில் அச்சிட்டு, ஸ்தபதி முறையில் வார்க்கலாம்.

ஆனால் மாணவர்களே, ஒன்றை மறக்காதீர்கள். ஸ்கேனர் பார்ப்பது இன்றைய உதிரியை. நமக்கு வேண்டியது அன்றைய உதிரி. அறுபது ஆண்டுத் தேய்மானத்தையும் நெளிசலையும் இயந்திரம் அப்படியே நம்பிவிடும். இந்த விளிம்பு பிறக்கும்போது கூர்மையாக இருந்ததா, மழுங்கி இருந்ததா? ஸ்கேனரின் எண்களால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே காரின் மறுபக்கத்து உதிரியைப் பாருங்கள். பழைய விளம்பரப் படத்தைப் பாருங்கள். திருகாணிக்கு அடியில் மறைந்து தேயாமல் தப்பிய இடத்தைப் பாருங்கள். அங்கேதான் செய்தவன் கை இன்னும் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி: நீ எதனால் கெட்டாய்?

பழைய எம்பளத்தில் அம்மைத் தழும்புபோல் புள்ளி புள்ளியாகக் கிளம்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் குரோம் கெட்டுவிட்டது என்பார்கள். குரோம் கெடவில்லை. அடியில் இருக்கும் துத்தநாகம் கெட்டது. குரோமியம் எவ்வளவு பருமன் தெரியுமா? பெரும்பாலும் அரை மைக்ரானுக்குள். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். முடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத போர்வை அது! அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. ஈரம் நுழைகிறது, அடியில் துத்தநாகத்தைத் தின்கிறது, தின்ற இடத்தில் உப்பு உப்பி, சின்ன எரிமலைபோல் முலாமை உடைத்துக்கொண்டு மேலே வருகிறது.

அப்படியானால் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? குரோமியத்துக்கு அடியில் இருக்கும் நிக்கலிலிருந்து. அது நல்ல வேலையில் 20, 30 மைக்ரான் இருக்கும். நிக்கலுக்கும் அடியில் செம்பு. செம்புக்கும் அடியில் மெருகுக்காரரின் கை. ஆக, முலாம் எதையும் மறைக்காது. அடியில் உள்ளதைப் பத்து மடங்காக்கிக் காட்டும். கீறல் இருந்தால் கீறல் மின்னும். பள்ளம் இருந்தால் பள்ளம் மின்னும்.

அதனால் தழும்பு விழுந்த துத்தநாகத்தை மீட்கும் முறை பொறுமையின் முறை. பழைய முலாமை மின்சாரத்தாலேயே மெல்ல உரிக்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் சிறு துளைக்கருவி விட்டு, கறுத்த உப்பு போய்ப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். மெல்லிய செப்புப் பூச்சு கொடுத்து மூட வேண்டும். அதன்மேல் கனத்த செம்பு. குழிகளில் குறைந்த சூட்டில் உருகும் பற்றாசு நிரப்ப வேண்டும். எமரி போட வேண்டும். மறுபடி செம்பு, மறுபடி எமரி. குழி போனதென்று கண் சொன்னால் நம்பக் கூடாது. விரல் சொல்ல வேண்டும். அதன் பிறகே நிக்கல். கடைசியில் குரோமியம், சில நிமிட வேலை. நூறு மணி நேரத் தவத்துக்குச் சில நிமிட முடிசூட்டு!

துருப்பிடிக்காத எஃகுக்கு முலாமே வேண்டாம். அதன் அழகு அதன் உடம்பிலேயே இருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த டிங்கரிங் பெரியவர் நான்கடி நீளப் பீடிங் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். நடுவில் இரண்டு நெளிசல். புளியமரக் கட்டையில் பீடிங்கின் உள்வளைவுக்கு ஏற்ற பள்ளம் செதுக்கி வைத்திருந்தார். பீடிங்கைக் கவிழ்த்து, நுனி உருண்ட சின்ன உளியை உள்ளே வைத்து, டொக் டொக் என்று தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, கதவைத் தட்டும் விருந்தாளிபோல் தட்டினார். திருப்பினார். மெல்லிய அரத்தை ஒரே ஒரு முறை மேலே ஓட்டினார். அரம் தொட்ட மேடு மின்னியது. தொடாத பள்ளம் மங்கி நின்றது. மங்கிய இடத்துக்கு மட்டும் உள்ளிருந்து இரண்டு தட்டு. மறுபடி அரம். மறுபடி தட்டு. பிறகு எமரி: 220, 320, 400, 600. ஒவ்வொன்றும் முந்தியதற்குக் குறுக்கே. பிறகு கற்றாழை நார்ச் சக்கரம். அப்புறம் துணிச் சக்கரம்.

மாலையில் பட்டறை டியூப் லைட்டுக்கு நேரே பீடிங்கைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் ஒரு கோடாய் அதன்மேல் விழுந்தது. பீடிங்கை மெல்லச் சாய்த்தார், கோடு ஓடியது. "பாருங்க தம்பி, வெளிச்சம் தடங்கலில்லாம ஓடுதுங்களா?" என்றார். ஓடியது. நான்கடி நீளமும் ஓரிடத்தில்கூட நெளியாமல், நடுங்காமல் ஓடியது. இரண்டு நெளிசலுக்கு ஒரு பகல் முழுவதும்! அதைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்குவது எளிது என்று அதுவரை நினைத்திருந்தவன் நான். அன்று மாறினேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அணியைக் கெடுப்பது துரு மட்டும்தானா? நம் ஆசையும் கெடுக்கும். பஃபிங் சக்கரத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்தால் எழுத்தின் முனை மழுங்கும், கோட்டின் கூர் கரையும். வேண்டாத இடத்தில் பளபளப்பு ஏற்றினால் அது பொய்யாகவும் ஆகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் குரோமியமும் நிக்கலும் போருக்குத் தேவைப்பட்டன. 1942 மாடலின் கடைசிக் கார்கள் பம்பர் தவிரப் பளபளப்பு இல்லாமல், அணிகளுக்கு வண்ணம் பூசி வெளிவந்தன. அப்படி ஒரு கார் உங்களிடம் இருந்து, அதற்கு நீங்கள் பளபளவென்று குரோம் போட்டால் என்ன ஆகும்? கார் அழகாகும். ஆனால் ஒரு போரின் சாட்சி அழிந்துவிடும்.

நண்பர்களே, இனி நான் சொல்லப் போவது சற்றுக் கசப்பானது. ஆனால் சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் உண்மையாக இல்லை.

நாம் ரசிக்கும் குரோம், ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த தொட்டியிலிருந்து வருகிறது. அது புற்றுநோய் தரும் நஞ்சு. தொட்டியிலிருந்து எழும் நுண்திவலையை மூச்சில் இழுக்கும் தொழிலாளியின் மூக்குத் தண்டில் துளை விழும். செப்புத் தொட்டியில் சயனைடு. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் செய்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். மஞ்சள் நிறத்தில் நிலத்தடி நீர் கசிவதை அங்கே போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். என் காரின் பம்பர் மின்ன, யாரோ ஒரு வீட்டின் கிணறு மஞ்சளாக வேண்டுமா?

அதனால் மூன்று கேள்விகளோடு நாலாவதாக ஒன்றை நம்மையே கேட்டுக்கொள்வோம்: இதைச் செய்பவர் நலமாக இருக்கிறாரா? முலாம் பட்டறைக்குள் நுழையும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தொட்டிமேல் காற்றை இழுக்கும் விசிறி இருக்கிறதா? கையுறை இருக்கிறதா? கழிவுநீர் எங்கே போகிறது? இவற்றைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்பவர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டால், நாற்பது கொடுங்கள். மூன்று இணைதிறன் குரோமியத் தொட்டிகள் வந்துவிட்டன. நிறம் சற்றுக் கருமை சாயும், நஞ்சு மிகக் குறைவு. மீட்கக்கூடிய எஃகு பீடிங்கை மீட்டுவிட்டால் தொட்டியே வேண்டாம். அந்தப் பெரியவரின் சுத்தியலில் எந்த நஞ்சும் இல்லை.

அடுத்து, நேர்மை. புதிதாகச் செய்ததைப் பழையது என்று சொல்லி விற்கலாமா? நம் கை அவ்வளவு தேர்ந்துவிட்டால், அந்தச் சபலம் வரத்தான் செய்யும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. பழைய கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதியது அது. அதன் சாரத்தை நம் மொழியில் சொன்னால் இதுதான்: காக்க முடிந்ததைக் காப்பாற்று, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்று, மாற்றியதைப் பின்னால் வருபவன் கண்டுபிடிக்கும்படி செய், செய்ததை எழுதி வை. நம் நாட்டிலும் 2021 முதல் 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு வந்துவிட்டது. எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும். மூல வடிவம் என்று அரசே கேட்கும்போது, எது மூலம், எது மறுசெய்கை என்று சொல்ல நம்மிடம் பதிவு இருக்க வேண்டாமா?

அதனால் ஒரு வேண்டுகோள். கெட்டுப்போன பழைய உதிரியை எறியாதீர்கள். உடைந்திருந்தாலும் துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவர் உங்களைவிட நன்றாகச் செய்வார். அவருக்கு அந்த உடைசல்தான் பாடநூல். செய்த அளவை எழுதுங்கள். எந்த உலோகம், எவ்வளவு சுருக்கம், எந்தப் பட்டறை, எத்தனை முறை தவறியது எல்லாம் எழுதுங்கள். பேட்டர்னை வேலை முடிந்ததும் அடுப்பில் போடாதீர்கள்.

பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். எம்ஜிபி என்ற விளையாட்டுக் காரின் உற்பத்தி 1980இல் நின்றுவிட்டது. ஆனால் அதன் தகடுகளை அழுத்திய மூல அச்சுகளைத் தேடிச் சேர்த்தார்கள். 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் அந்த அச்சுகளிலேயே முழுப் புதுக் கார்க் கூட்டைச் செய்து விற்கத் தொடங்கியது. நின்றுபோன கார் எட்டே ஆண்டில் மீண்டும் பிறந்தது. அவர்களிடம் நம்மைவிட நல்ல கை இருந்ததா? இல்லை. அச்சை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

நம்மிடம் என்ன குறை? இந்த ஊரில் பேட்டர்ன் தச்சர் இருக்கிறார், வார்ப்படச் சாலை இருக்கிறது, உக்கடத்தில் பழைய சாமான்கள் இருக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் எந்தக் காரின் எந்தத் துண்டையும் அடையாளம் சொல்லும் கண்கள் இருக்கின்றன. சுவாமிமலையில் மெழுகு தெரிந்த கைகள் இருக்கின்றன. பாலிடெக்னிக்கில் ஸ்கேனர் இருக்கிறது. இவர்கள் ஒருவரையொருவர் இன்னும் சந்திக்கவில்லை; அதுதான் குறை! ஸ்கேனர் தெரிந்த தம்பி ஸ்தபதியின் பட்டறையில் ஒரு வாரம் உட்காரட்டும். கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு பேட்டர்ன் என்று பொதுவில் ஓர் அலமாரி தொடங்கட்டும். நாலு கதவு ஹெரால்டுக்கு ஒருவர் செய்த பின்கதவுப் பட்டையை அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் இப்போது சுத்தியல் பிடிப்பதில்லை. கை நடுங்குகிறது. அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் புளியமரக் கட்டை என்னிடம் இருக்கிறது. அதில் அவர் செதுக்கிய பள்ளங்கள் பதினொன்று; ஒவ்வொன்றும் ஒரு காரின் பீடிங். எது எந்தக் கார் என்று ஏழுக்குச் சொன்னார். மிச்சம் நாலு அவருக்கே மறந்துவிட்டது. எழுதி வைத்திருந்தால்? அதனால்தான் எழுதுங்கள், எழுதுங்கள் என்று இந்த மேடையில் மன்றாடுகிறேன்.

வளையங்கள் சுற்றி வந்துவிட்டன. கொடுங்கள் ஐயா, நன்றி. எது பழையது? இடது கை என்பவர்கள் கை தூக்குங்கள். வலது கை? ஏறக்குறையப் பாதிப் பாதி. கண்ணால் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பீர்கள். கையில் எடை பார்த்த வார்ப்பட நண்பர்கள் ஏமாந்திருக்க மாட்டீர்கள். வலது வளையம் கால் பங்குக்கு மேல் கனம். பழையது துத்தநாகம், புதியது பித்தளை. நீங்கள் உதிரியைக் கேட்டீர்கள், அது சொல்லிவிட்டது.

கேட்கத் தெரியாதவர்களுக்காகவும் ஒன்று செய்திருக்கிறோம். வலது வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். திருகாணித் தண்டுக்குப் பக்கத்தில், காரில் மாட்டினால் யாருக்கும் தெரியாத இடத்தில், உளியால் குத்திய சின்ன எழுத்துகள்: "மறு", "கோவை", அதோடு செய்த ஆண்டு. ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒரு பெண்ணோ பையனோ அந்தத் திருகாணியைக் கழற்றும்போது இதைப் படிப்பார்கள். இது முதலில் வந்தது அல்ல என்று தெரிந்துகொள்வார்கள். இதை இந்த ஊரில் ஒருவர் செய்தார் என்றும் தெரிந்துகொள்வார்கள்.

அந்த எழுத்தை வெட்கமில்லாமல் குத்தக்கூடிய அளவுக்கு நம் வேலை நன்றாக இருக்கட்டும்.